கற்றை 2 நானோமீட்டர்தான், கோடு மட்டும் ஏன் 45 ஆகிறது?

கேள்வி, ஜனவரி 8

ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வரையும் கருவியைப் பொருத்தி, சிலிக்கான் மேல் பிஎம்எம்ஏ (எலக்ட்ரான் பட்டால் சங்கிலி அறும் பிளாஸ்டிக்) பூசி, எலக்ட்ரான் கற்றையால் கோடு வரைகிறோம். படலம் 200 நானோமீட்டர். 15 கிலோவோல்ட். கற்றையின் விட்டம் 2 நானோமீட்டர் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. எவ்வளவு குவித்தாலும் கோடு 45க்குக் கீழே இறங்கவே இல்லை. கற்றை சரியில்லை என்கிறேன் நான். கற்றை பட்ட இடத்தைக் கரைத்தெடுக்கும் டெவலப்பர் திரவம் சரியில்லை என்கிறார்கள் கூட இருப்பவர்கள். யார் சொல்வது சரி?

ஜனவரி 8, இரவு

இரண்டுமே இல்லை. 200, 15 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை அந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது.

2 நானோமீட்டர் என்பது கற்றை படலத்தின் மேற்பரப்பைத் தொடும் இடத்தில் இருக்கும் விட்டம். உள்ளே நுழைந்ததும் எலக்ட்ரான்கள் பாலிமரில் உள்ள அணுக்களால் சிறுசிறு கோணங்களில் விலகும். கீழே போகப் போகக் கற்றை அகலும். இதற்கு முன்சிதறல் என்று பெயர். பழைய தோராயச் சூத்திரம் ஒன்று உண்டு: படலத்தின் தடிமனை நானோமீட்டரில் எடுத்து, கிலோவோல்ட்டால் வகுத்து, வந்ததை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, 0.9 ஆல் பெருக்க வேண்டும். 200ஐ 15ஆல் வகுத்தால் 13.3. அதன் ஒன்றரை அடுக்கு சுமார் 49. 0.9 ஆல் பெருக்கினால் 44. உங்கள் 45 வந்துவிட்டதா?

அதே 200 நானோமீட்டர் படலத்தை 30 கிலோவோல்ட்டில் வரைந்தால் இந்த அகலம் 15 சொச்சம். 100 கிலோவோல்ட்டில் இரண்டரை. படலத்தையே 50 ஆகக் குறைத்து 30 கிலோவோல்ட்டில் வரைந்தால் வெறும் 2. கருவியை மாற்றுவதைவிடப் படலத்தை மெலிதாக்குவது சுலபம். அனிசோல் என்ற கரைப்பானால் கரைசலை நீர்க்கச் செய்து வேகமாகச் சுழற்றிப் பூசுங்கள், முடிந்தது.

2 வரும் என்று மட்டும் நம்பாதீர்கள். ஏன் என்பதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 9

நான் எழுதுவதற்குள் ஒருவர், "எலக்ட்ரானின் அலைநீளம்தான் எல்லை" என்று போட்டுவிட்டார். இல்லை. 30 கிலோவோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் 7 பிகோமீட்டர், அதாவது ஒரு அணுவைவிடப் பல மடங்கு சிறியது. ஒளியால் வடிவம் வரையும் லித்தோகிராஃபியில் பழகியவர்களுக்கு அலைநீளத்தின் மேல் ஒரு பயம் எப்போதும் இருக்கும். இங்கே அதற்கு வேலை இல்லை.

உண்மையான எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. கற்றையில் வரும் வேக எலக்ட்ரான் பாலிமரின் பிணைப்பைப் பெரும்பாலும் தானே போய் உடைப்பதில்லை. வழியில் உள்ள அணுக்களிலிருந்து மெதுவான எலக்ட்ரான்களை உதைத்துத் தள்ளும். 50 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே ஆற்றல் உள்ள அந்த இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள்தான் ரசாயனத்தின் பெரும்பகுதியைச் செய்கின்றன. அவை பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சில நானோமீட்டர் அலையும். ஆகவே அகலமே இல்லாத கற்றை ஒன்று கிடைத்தாலும் கோட்டுக்குச் சில நானோமீட்டர் அகலம் இருந்தே தீரும்.

அப்புறம் பின்சிதறல். படலத்தைத் தாண்டிச் சிலிக்கானுக்குள் போன எலக்ட்ரான்களில் ஒரு பங்கு திரும்பி மேலே வந்து, வரையாத இடத்திலும் டோஸ் (ஓரிடத்தில் விழும் எலக்ட்ரான்களின் அளவு) கொடுக்கும். 30 கிலோவோல்ட்டில் இந்தப் பரவல் மூன்று நான்கு மைக்ரான், 100 கிலோவோல்ட்டில் முப்பது மைக்ரான் அளவு. முன்சிதறலாக வரும் ஆற்றல் 1 என்று வைத்தால் சிலிக்கானில் பின்சிதறலாக வருவது 0.7 வரை இருக்கும். தனியாக நிற்கும் ஒற்றைக் கோட்டுக்கு இந்த இலவச டோஸ் கிடைக்காது. நெருக்கமான கோடுகளுக்கு அக்கம்பக்கத்திலிருந்து தாராளமாகக் கிடைக்கும். ஒரே டோஸில் இரண்டையும் வரைந்தால் ஒன்று திறக்காது, மற்றது உப்பிவிடும். நேற்று "கிலோவோல்ட்டைக் கூட்டுங்கள்" என்ற பொருளில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கூட்டினால் முன்சிதறல் குறையும், பின்சிதறலின் மூட்டம் அகலமாகப் பரவும். அகலமாகப் பரவினால் மெல்லிய, சீரான மூட்டம் கிடைக்கும், திருத்துவது எளிது. அதனால் பேரத்தில் நமக்கு லாபம்தான்.

ஜனவரி 11

"பிஎம்எம்ஏ ஏன் உடைகிறது, பாலிஸ்டைரீன் ஏன் உடையாமல் இறுகுகிறது? இரண்டும் பிளாஸ்டிக்தானே" என்று கேட்டவருக்கு.

சங்கிலியின் முதுகெலும்பில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கார்பனைப் பாருங்கள். பிஎம்எம்ஏவில் அந்தக் கார்பனின் இரண்டு பக்கக் கைகளிலும் ஆள் இருக்கிறது: ஒன்றில் மெத்தில், இன்னொன்றில் எஸ்டர். அங்கே ஹைட்ரஜன் கிடையாது. இப்படி நெருக்கடியான கார்பன் உள்ள சங்கிலிகள் கதிர்வீச்சில் பெரும்பாலும் அறுகின்றன. மெத்திலை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தால் அது பாலிமெத்தில் அக்ரிலேட். ஒரு மெத்தில்தான் வித்தியாசம், ஆனால் அது அறுவதைவிடப் பக்கத்துச் சங்கிலியோடு பிணைவதே அதிகம். பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன் எல்லாம் பிணையும் கட்சி. பாலிஐசோபியூட்டிலீன் அறுகிற கட்சி. கதிர்வீச்சு வேதியியலில் 1950களிலேயே கவனித்த விஷயம் இது.

பிஎம்எம்ஏவை எலக்ட்ரான் கற்றைக்கான ரெசிஸ்ட்டாக, அதாவது வடிவம் வரையும் படலமாக, ஐபிஎம்காரர்கள் 1968இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது. இருந்தாலும் ஆய்வகத்தில் புதிதாக வருபவர் கையில் முதலில் கொடுப்பது இன்றும் பிஎம்எம்ஏ குப்பிதான்.

குப்பியில் 950 என்று போட்டிருந்தால் மூலக்கூறு எடை 9,50,000. ஒரு கண்ணியின் எடை 100. அப்படியானால் சங்கிலிக்கு 9,500 கண்ணிகள். ஒவ்வொரு சங்கிலியிலும் சில வெட்டு விழுந்தால் போதும், துண்டுகளுக்கும் முழுச் சங்கிலிக்கும் கரையும் வேகத்தில் பெரிய வித்தியாசம் வந்துவிடும். எம்ஐபிகே என்ற கரைப்பான் ஒரு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மூன்று பங்கு என்ற பழைய டெவலப்பர் துண்டுகளைக் கரைத்துவிட்டு முழுச் சங்கிலியைக் கிட்டத்தட்டத் தொடாமல் விடும். அந்தக் "கிட்டத்தட்ட"வில்தான் வம்பு இருக்கிறது. கோட்டின் ஓரத்தில் அரைகுறையாக டோஸ் வாங்கிய சங்கிலிகள் பாதி கரைந்து பாதி உப்பி நிற்கும். டெவலப்பரைப் பனிக்கட்டிக் குளியலில் வைத்துக் குளிரவைத்தால் இந்த அரைகுறைகள் கரையாது, ஓரம் கூர்மையாகும். பதிலுக்கு டோஸைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். செலவே இல்லாத திருத்தம் இது. பலரும் கடைசியாகத்தான் முயன்று பார்க்கிறார்கள்.

ஜனவரி 11, மாலை

உங்கள் கூட இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள், டெவலப்பர் விஷயத்தில் அவர்களுக்கும் கால் மதிப்பெண் உண்டு.

ஜனவரி 14

இப்போதுதான் சொல்கிறீர்கள், உங்களுக்கு வேண்டியது பள்ளம் அல்ல, பரப்பின் மேல் நிற்கும் பாலிமர் என்று! அப்படியென்றால் கணக்கே வேறு. இதுவரை பேசியதில் பாலிமர் வெறும் அச்சு. வரைந்து, திறந்து, உலோகம் படியவைத்து, அசிட்டோனில் மிச்சத்தைக் கழுவி எறிந்துவிடுவோம். உங்களுக்கோ எறிவதுதான் சரக்கு.

பிஎம்எம்ஏவிலேயே செய்ய வழி இருக்கிறது. வழக்கமான டோஸைப் போல பத்து மடங்குக்கு மேல் கொடுங்கள். அறுந்த துண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து, எந்தக் கரைப்பானிலும் கரையாத பொருளாகிவிடும். பிறகு மொத்தத்தையும் அசிட்டோனில் அலசினால் வரையாத இடம் போய்விடும், வரைந்த இடம் நிற்கும்.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் கண்ணால் பார்த்தேன். ஒற்றைப் புள்ளிகளை டோஸ் கூட்டிக்கூட்டி வரைந்த சோதனைத் தகடு அது. எம்ஐபிகேயில் டெவலப் செய்து பார்த்தால், வரிசையின் இந்த முனையில் துளிகூடத் திறக்காத புள்ளிகள். அடுத்து ஒழுங்கான வட்டக் குழிகள். அப்புறம் குழிகள் பெரிதாகிக்கொண்டே போய், ஓர் இடத்தில் குழியின் நடுவில் சின்னக் குமிழ் ஒன்று தலைகாட்டுகிறது. அதற்கடுத்த புள்ளியில் அது தூண். வளையமாகப் பள்ளம், நடுவில் தூண், வெளியே தொடாத படலம். நடுவில் டோஸ் எல்லை தாண்டி இறுகிவிட்டது, ஓரத்தில் அறுகிற அளவுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. ஒரே புள்ளியில் இரண்டு ரசாயனமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படம் வேறு கிடையாது. உங்கள் தகட்டிலும் இந்த வரிசையைக் கட்டாயம் வையுங்கள்.

ஆனால் ஒன்று. இப்படி நிற்பது இனி பிஎம்எம்ஏ அல்ல. எஸ்டர் கைகள் பெரும்பாலும் வாயுவாகப் போய்விட்டிருக்கும். உயரமும் குறைந்திருக்கும். கார்பன் மிகுந்த, கெட்டியான ஏதோ ஒன்று அது. வடிவம் மட்டும் போதும் என்றால் சரி. பாலிமரின் குணமும் வேண்டும் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஜனவரி 15

டோஸ் கணக்கை எழுதச் சொல்லி இரண்டு பேர். சுருக்கமாக.

டோஸ் என்பது மின்னோட்டத்தை ஒரு புள்ளியில் நிற்கும் நேரத்தால் பெருக்கி, புள்ளிகளின் இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தது. 30 கிலோவோல்ட்டில் பிஎம்எம்ஏவுக்கு சதுர சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோகூலும் என்று வைப்போம். இடைவெளி 10 நானோமீட்டர், மின்னோட்டம் 30 பிகோஆம்பியர். புள்ளிக்கு 10 மைக்ரோவினாடி வரும். நுண்ணோக்கியை மாற்றியமைத்த கருவிக்கு இந்த வேகம் தாங்கும். மின்னோட்டத்தை 1 நானோஆம்பியருக்கு ஏற்றினால் புள்ளிக்கு 0.3 மைக்ரோவினாடிதான், அதாவது வினாடிக்கு முப்பது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். அப்படிப்பட்ட கருவியில் கற்றையைத் திருப்பும் சுருள்கள் அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காது, மூலைகள் வட்டமாகிவிடும்.

அதே 30 பிகோஆம்பியரில் ஒரு சதுர சென்டிமீட்டரை முழுக்க நிரப்ப எவ்வளவு நேரம்? ஒரு கோடி வினாடி. கிட்டத்தட்ட நான்கு மாதம். பத்து மடங்கு டோஸில் தூண் செய்யப் போகிறவர் இதைப் படித்துவிட்டுத் தன் வரைபடத்தின் பரப்பளவை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மின்னோட்டத்தை, கற்றையை முழுக்கப் பிடித்துக்கொள்ளும் ஃபாரடே கிண்ணத்தில் ஒவ்வொரு முறையும் அளந்தே தீர வேண்டும். திரையில் கருவி காட்டும் எண் ஒரு நல்லெண்ணம், அவ்வளவுதான்.

ஜனவரி 19

குவிப்பது பற்றி. "எவ்வளவு குவித்தாலும்" என்று கேள்வியில் இருந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே குவித்தீர்கள்?

பூசிய படலத்தில் பார்க்க ஒன்றுமே இருக்காது. மொழுமொழுவென்று சாம்பல் நிறத் திரை. வரையும் இடத்திலேயே உற்றுப்பார்த்துக் குவித்தால், பார்க்கிற வேலையே அந்த இடத்தை டோஸ் கொடுத்துக் கெடுத்துவிடும். அதனால் தகட்டின் மூலையில் ஊசியால் சின்னக் கீறல் போட்டு, அங்கே தெறித்துக் கிடக்கும் துணுக்குகளில் முதலில் குவிப்பார்கள். அப்புறம் கீறலிலிருந்து வரையும் இடத்தை நோக்கிக் கொஞ்சம் தள்ளிப்போய், கற்றையை ஒரே புள்ளியில் சில வினாடி நிறுத்துவார்கள். அறைக்குள் எப்போதும் இருக்கும் எண்ணெய், அழுக்கு ஆவி எல்லாம் அந்தப் புள்ளியில் வந்து படிந்து கெட்டிப்பட்டு, வெள்ளைப் பொட்டாக எழும்பும். பொட்டு வட்டமாக, சின்னதாக, ஓரம் தெளிவாக இருந்தால் குவியம் சரி. ஒரு பக்கம் நீண்டிருந்தால் லென்ஸின் சமச்சீரின்மையைத் திருத்த வேண்டும். பொட்டே வரவில்லை என்றால் அறை சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் திட்டத்தான் தோன்றும்.

தகடு துளி சாய்ந்திருந்தாலும் மூலையில் சரியாக இருக்கும் குவியம் நடுவில் போய்விடும். மூன்று மூலைகளில் உயரத்தை எடுத்துக்கொண்டு நடுவுக்குக் கணக்குப் போடுங்கள்.

இந்த அழுக்குப் பொட்டை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1976இல் பிரோயர்ஸும் கூட்டாளிகளும் இதே அழுக்குப் படிவையே ரெசிஸ்ட்டாக வைத்து 8 நானோமீட்டர் அகல உலோகக் கோடு செய்து காட்டினார்கள். உங்கள் தலைப்புக்கு இதுவும் நெருங்கிய சொந்தம்தான். பரப்பில் எலக்ட்ரான் கற்றையால் நேரடியாக உண்டான கார்பன் பாலிமர்தானே அது.

ஜனவரி 23

சரி, பாலிமரின் குணம் கெடாமல் பரப்பில் நிற்க வேண்டும் என்றால்? எனக்குப் பிடித்த வழி, கற்றையைப் பாலிமரின் மேல் படவே விடாமல் இருப்பது.

தங்கத்தின் மேல் பைஃபினைல் தயோல் மூலக்கூறுகளை ஒற்றை அடுக்காக நிற்க வையுங்கள். கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு பென்சீன் வளையங்கள் மேலே நிற்கும், உச்சியில் ஒரு நைட்ரோ குழு. அடுக்கின் தடிமன் 1 நானோமீட்டர் சொச்சம். இதில் எலக்ட்ரான் பட்டால் இரண்டு காரியம் நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே விரிப்பாகின்றன. அந்தச் சந்தடியில் வெளிவரும் ஹைட்ரஜன் உச்சியில் உள்ள நைட்ரோவை அமினோவாக மாற்றிவிடுகிறது. ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரன்ஸே, கோல்ஸ்ஹாய்சர் ஆகியோரின் குழு 2000 வாக்கில் இதைக் காட்டியது. ரசாயன லித்தோகிராஃபி என்று பெயர் வைத்தார்கள். வளையம் இல்லாத சாதாரண ஆல்கேன் தயோலில் இது நடக்காது. அது எலக்ட்ரான் பட்டால் ஒழுங்கு குலைந்து துண்டு துண்டாகும்.

இப்போது கையில் இருப்பது அமினோ எழுத்து, நைட்ரோ காகிதம். அமினோ இருக்கும் இடத்தில் மட்டும் பாலிமராக்கலைத் தொடங்கும் மூலக்கூறு ஒன்றைக் கட்டிவிட்டு, மானோமர் (சங்கிலியின் ஒற்றைக் கண்ணி) கரைசலில் போட்டால் சங்கிலிகள் பரப்பிலிருந்தே முளைத்து எழும்பும். 1995இல் வந்த ஏடிஆர்பி என்ற பாலிமராக்கல் முறை இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். நெருக்கமாக முளைப்பதால் சங்கிலிகள் சுருண்டு படுக்க இடமில்லாமல் நிமிர்ந்து நிற்கும். அதனால்தான் இதைப் பாலிமர் தூரிகை என்கிறோம். வளர்ந்த பாலிமரின் மேல் ஒரு எலக்ட்ரான்கூடப் படவில்லை. பாலிஐசோபுரோப்பைல் அக்ரிலமைடை வளர்த்தால் 32 டிகிரிக்கு மேல் தண்ணீரை உதறிச் சுருங்கும், கீழே இறங்கினால் மறுபடி உப்பும். எழுதிய எழுத்து உயரம் மாறுவதை, ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கியில் தண்ணீருக்குள்ளேயே பார்க்கலாம்.

இன்னொரு வசதி, டோஸைக் குறைத்தால் அமினோவும் குறையும், முளைகள் அரிதாகும், உயரமும் குறையும். அதாவது டோஸைப் படிப்படியாக மாற்றி வரைந்தால் சரிவு கிடைக்கும். சரிவு வேண்டும் என்று பிஎம்எம்ஏவில் கேட்டால் அது டெவலப்பரோடு மல்லுக்கு நிற்கும் வேலை.

விலை என்ன? டோஸ்தான். சதுர சென்டிமீட்டருக்குப் பல பத்து மில்லிகூலும் வேண்டும். பிஎம்எம்ஏவுக்குக் கொடுப்பதைப் போல நூறு மடங்கு. 15ஆம் தேதி கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். அதோடு அடியில் தங்கம். சிலிக்கானைவிடக் கனமான அணு, பின்சிதறலும் அதிகம். வேகத்தைக் குறைத்து ஒன்றிரண்டு கிலோவோல்ட்டில் வரைந்தால் பின்சிதறல் சுருங்கும். அடுக்கு 1 நானோமீட்டர்தான் என்பதால் முன்சிதறல் பற்றிக் கவலை இல்லை.

ஜனவரி 24

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் 20 நானோமீட்டர் கோடு எழுதி 100 உயரத்துக்குத் தூரிகை வளர்க்கலாமா" என்று கேட்கிறார் ஒருவர். எழுதலாம், வளர்க்கலாம், ஆனால் 20 அகலச் சுவர் கிடைக்காது. கோட்டின் ஓரத்தில் முளைத்த சங்கிலிக்கு ஒரு பக்கம் நெருக்கடி, மறுபக்கம் வெட்டவெளி. அது வெளிப்பக்கமாகச் சாயும். கோடு குறுகினால் எல்லாச் சங்கிலியும் ஓரத்துச் சங்கிலிதான். இரண்டு பக்கமும் வழிந்து, உயரம் குறைந்து, அரைவட்ட மேடாகிவிடும். எழுத்தைக் கூர்மையாக்கியதில் கிடைத்த லாபம் எல்லாம் முளைக்கும்போது போய்விடும். அகலம் சங்கிலியின் நீளத்தைவிடப் பல மடங்கு இருக்கும் வரைதான் தூரிகை சொன்ன பேச்சைக் கேட்கும். மிகக் குறுகிய கோடு வேண்டும் என்றால் சங்கிலியைக் குட்டையாகவே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் 45க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அங்கே கற்றை உள்ளே போய் அகன்றது. இங்கே பாலிமர் வெளியே வந்து அகல்கிறது. இரண்டு இடத்திலும் கற்றையின் விட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

ஜனவரி 27

உயிரணுக்களோடு வேலை செய்பவர் பாலிஎத்திலீன் கிளைக்கால் பற்றிக் கேட்டிருந்தார். அது பிணையும் கட்சி. பிஎம்எம்ஏவை அறுக்கத் தேவைப்படுவதைவிடக் குறைந்த டோஸிலேயே இறுகி, பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் உப்பும் கூழ்மத் திட்டுகள் கிடைக்கும். புரதம் அதன் மேல் ஒட்டாது. டோஸ் ஏற ஏறப் பிணைப்பு கூடி உப்புவது குறையும், அளவுக்கு மீறினால் புரதத்தை ஒட்டவிடாத குணமும் போய்விடும். அவருக்கு இதுவே போதும், தங்கம் தயோல் வம்பெல்லாம் வேண்டாம்.

ஜனவரி 30

தூண்கள் டெவலப் ஆகும் வரை நின்று, காய்ந்ததும் ஜோடி ஜோடியாகத் தலை சாய்த்துக் கிடக்கின்றன என்று படத்தோடு வந்திருக்கிறீர்கள். நல்ல படம். குளித்துவிட்டு வந்தால் தலைமுடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். தூண்களுக்கு நடுவே காயும் திரவத்தின் பரப்பு இழுவிசை இரண்டையும் சேர்த்து இழுக்கிறது. டோஸை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

கடைசி அலசலைத் தண்ணீரில் விடாதீர்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு 22க்குள். இது மட்டுமே பாதித் தூண்களைக் காப்பாற்றிவிடும். மீதிக்கு, உயரத்தை அகலத்தின் மூன்று மடங்குக்குள் வையுங்கள். அதற்கும் மேல் உயரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கார்பன் டைஆக்சைடில் உலர்த்துங்கள். 31 டிகிரி, 73 வளிமண்டல அழுத்தம் தாண்டினால் திரவம் எது, வாயு எது என்ற பரப்பே இல்லை. பரப்பு இல்லை என்றால் இழுவிசையும் இல்லை.

பிப்ரவரி 2

"இவ்வளவு டோஸ் கேட்கும் பிஎம்எம்ஏவை ஏன் கட்டி அழுகிறீர்கள், பத்து மைக்ரோகூலுமில் வேலை முடிக்கும் ரெசிஸ்ட் எல்லாம் இருக்கிறதே" என்கிறார் ஒருவர். இருக்கிறது. எலக்ட்ரான் பட்டு உண்டாகும் ஒரு அமில மூலக்கூறு, பிறகு சூடாக்கும்போது அலைந்து திரிந்து நிறைய வினைகளைச் செய்யும் வகை அது. அலைந்து திரிந்து என்ற இடத்தில் நிறுத்திப் படியுங்கள். அமிலம் எவ்வளவு தூரம் திரிகிறதோ அவ்வளவுக்கு ஓரம் மழுங்கும்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று. சதுர சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோகூலும் என்றால் ஒரு சதுர நானோமீட்டருக்கு 19 எலக்ட்ரான் அளவு. பத்துக்குப் பத்து நானோமீட்டர் கட்டத்துக்குள் 1,870 சொச்சம் விழும். எலக்ட்ரான்கள் எண்ணி வைத்தாற்போல் வருவதில்லை. ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம், அதாவது 43 அளவு, இரண்டு சதவீதம். 10 மைக்ரோகூலுமில் அதே கட்டத்துக்கு 62 எலக்ட்ரான்தான். ஏற்ற இறக்கம் 13 சதவீதம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் டோஸ் இப்படித் தள்ளாடினால் கோட்டின் ஓரம் எப்படி நேராக வரும்? பிஎம்எம்ஏ சோம்பேறி என்பதுதான் அதன் பலம்.

பிப்ரவரி 5

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ஒரு பக்கத்தை 25,000இல் ஒரு பங்காகச் சுருக்கி எழுதிக் காட்டுபவருக்கு 1,000 டாலர் என்று இயற்பியலாளர் ஃபெய்ன்மன் 1959 டிசம்பரில் அறிவித்தார். 1985இல் ஸ்டான்ஃபோர்டில் டாம் நியூமன், பேராசிரியர் பீஸின் வழிகாட்டலில், ஒரு நாவலின் முதல் பக்கத்தை எலக்ட்ரான் கற்றையால் எழுதிப் பரிசைத் தட்டிச் சென்றார். எழுதிய பிறகு அந்தப் பக்கம் தகட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடாக இருந்ததாம்.

சிரிக்க வேண்டாம். உங்கள் தகட்டிலும் வரையும் இடத்தைச் சுற்றிச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் தெரிகிற அளவுக்குப் பெரிய அம்புக்குறிகள் போட்டுக்கொள்ளுங்கள். கீறலின் எந்தப் பக்கம் என்று தாளிலும் எழுதி வையுங்கள்.

பிப்ரவரி 9

கண்ணாடி மேல் வரைந்தால் சதுரம் வாலோடு வருகிறது என்றவருக்கு: மின்னூட்டம் போக வழியில்லை. பிஎம்எம்ஏவின் மேல் நீரில் கரையும் கடத்தும் பாலிமரைப் பூசி, வரைந்து, முதலில் தண்ணீரில் கழுவி, அப்புறம் டெவலப் செய்யுங்கள். பத்து நானோமீட்டர் அலுமினியமும் ஆகும், அதை நீர்த்த காரத்தில் எடுத்துவிடலாம். அறைக்குள் கொஞ்சம் நீராவி விடும் குறைவெற்றிடக் கருவி கிடைத்தால் பூச்சே தேவையில்லை, நீராவியே மின்னூட்டத்தைத் தணித்துவிடும்.

பிப்ரவரி 20

50 நானோமீட்டர் படலம், 30 கிலோவோல்ட், குளிர்ந்த டெவலப்பர், பள்ளம் 19. நல்லது. தூண் 28 என்கிறீர்கள். "அடுத்து 2 எப்போது" என்ற கேள்விக்குப் பதில் 9ஆம் தேதியிட்ட ஜனவரிக் குறிப்பிலேயே இருக்கிறது, அதனால் விடுகிறேன்.

எனக்கு அந்த 19, 28 இரண்டின் மேலும்தான் சந்தேகம். படத்தில் பொடிப்பொடியாகத் தெரிவது தங்கப் பூச்சின் மணிகள். படம் தெளிவாக வர வேண்டும் என்று பூசியிருக்கிறீர்கள். பூச்சு இரண்டு பக்கச் சுவரிலும் ஏறும், பள்ளத்தைக் குறுக்கும், தூணைப் பருக்க வைக்கும். பள்ளம் நிஜத்தில் 19ஐவிட அகலமாகவும் தூண் 28ஐவிட மெலிந்தும் இருக்கலாம். பூசாமல் பார்த்தால், பார்க்கும் கற்றையே பிஎம்எம்ஏவைச் சுருக்கும். கண் முன்னாலேயே பள்ளம் அகலும். அணுவிசை நுண்ணோக்கி சுருக்காது, ஆனால் அதன் முனையின் ஆரம் பத்து நானோமீட்டர் என்றால் தூணை அந்த அளவுக்குக் குண்டாகக் காட்டும். உயரத்தை மட்டும் அதில் எடுங்கள்.

அகலத்துக்கு, பள்ளத்தில் உலோகம் படியவைத்துப் பாலிமரைக் கழுவிவிட்டு, நிற்கும் உலோகக் கோட்டை அளப்பது ஒரு வழி. அது கற்றைக்குச் சுருங்காது. தூணுக்கு இது உதவாது. அதற்குத் தூணுக்குப் பதில் அதே டோஸில் நீளமான சுவர்களாக வரைந்து, தகட்டை உடைத்துக் குறுக்குவெட்டில், குறைந்த மின்னோட்டத்தில், ஒரே ஒரு முறை வேகமாகப் படம் எடுங்கள். குவிப்பதைப் பக்கத்துச் சுவரில் முடித்துவிட்டு, அளக்கும் சுவருக்கு நகர்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும். சிலிக்கான் பிளவுபடும் திசைக்குச் செங்குத்தாக, மில்லிமீட்டர் கணக்கில் நீளமாக வரையுங்கள். அப்போதுதான் எங்கே உடைந்தாலும் வெட்டு உங்கள் சுவர்களின் குறுக்கே போகும்.